நாம் பார்க்காத பாதித் தாவரம்

மரங்கள் விந்தணுவை உண்டாக்குவதில்லை. முட்டையையும் உண்டாக்குவதில்லை. எவ்வளவு பெரிய மரமாக இருந்தாலும், எத்தனை பூ பூத்தாலும், அந்த உடல் நேரடியாக உண்டாக்குவது ஸ்போர்களை மட்டும்தான். ஸ்போர் முளைத்து வேறொரு சின்னத் தாவரமாக வளர்கிறது. விந்தணுவும் முட்டையும் பிறப்பது அந்தச் சின்னத் தாவரத்தில்தான். பூக்கும் செடிகளில் அது சில செல்களே கொண்ட ஓர் உயிர். ஆணாக இருந்தால் மகரந்தத் தூளுக்குள் இருக்கும், பெண்ணாக இருந்தால் சூலுக்குள் புதைந்திருக்கும். கண்ணில் படாததால் அதை ஒரு தாவரம் என்றே நாம் எண்ணுவதில்லை.

நிலத் தாவரங்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் முதலில் இழுப்பது இந்த விஷயத்தைத்தான். பாடப்புத்தகத்தில் இது ஒரு வட்டமாக, சில அம்புக்குறிகளோடு, பக்கத்தின் ஓரத்தில் கிடக்கும். ‘சந்ததி மாற்றம்’ என்று தலைப்பு இருக்கும். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. விதை ஏன் வந்தது, பூ ஏன் வந்தது, ஈரக் கல்லில் பச்சை மெத்தையாகப் படரும் மாஸ் ஏன் குட்டையாகவே நின்றுவிட்டது என்ற கேள்விகளுக்கெல்லாம் வழி அந்த வட்டத்தில்தான் இருக்கிறது.

நம் உடலோடு ஒப்பிட்டால் விஷயம் சட்டென்று புரியும். நம் செல்களில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இருக்கின்றன. குன்றல் பகுப்பு நடந்து அது ஒரு தொகுதியாகக் குறையும்போது கிடைப்பது நேராக விந்தணு அல்லது முட்டை. அந்த ஒற்றைத் தொகுதிச் செல் தனியாக வளர்ந்து ஓர் உடலாவது கிடையாது. தாவரத்தில் அது நடக்கிறது. குன்றல் பகுப்பில் பிறக்கும் ஸ்போர் தானே பிரிந்து பெருகி, ஒவ்வொரு செல்லிலும் ஒரே தொகுதி குரோமோசோம் உள்ள ஒரு முழு உடலாகிறது. அதன் பெயர் கேமீட்டோபைட். அது விந்தணுவையும் முட்டையையும் தருகிறது. அவை சேர்ந்தால் இரண்டு தொகுதி உள்ள உடல் வளர்கிறது, அது ஸ்போரோபைட். ஸ்போரோபைட் மறுபடி ஸ்போர்களைத் தருகிறது. ஆக, ஒரே இனத்துக்கு இரண்டு உடல்கள். ஒன்று இன்னொன்றைப் பெற்றெடுக்கிறது, ஆனால் தன்னைப் போன்ற ஒன்றைப் பெறுவதில்லை. பேரப்பிள்ளைதான் தன் சாயலில் இருக்கும்.

இதை எல்லாத் தாவரங்களுக்கும் பொதுவான திட்டமாகக் கண்டுபிடித்தவர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்காரர். பல்கலைக்கழகத்தில் படித்தவர் இல்லை. குடும்பத்தின் இசைநூல் வியாபாரத்தில் வேலை பார்த்துக்கொண்டே தாவரவியலைத் தானாகக் கற்றுக்கொண்டவர். கடுமையான கிட்டப்பார்வை வேறு. ஆனால் மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதில் அந்தக் காலத்தில் அவருக்கு நிகரானவர்கள் அரிது. 1851-ல், 27 வயதில், அவர் வெளியிட்ட ஆய்வு நூலில் மாஸ், பெரணி, ஊசியிலை மரம் எல்லாவற்றின் இனப்பெருக்கத்தையும் செல் செல்லாகத் தொடர்ந்து போய், தோற்றத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இவற்றுக்குள் ஓடுவது ஒரே சுழற்சி என்று காட்டினார். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1859-ல். இத்தனை வகைத் தாவரங்களும் உறவினர்கள் என்று சொல்லும் தைரியம் வருவதற்கு முன்பே, அந்த உறவுக்கான சான்று அச்சில் வந்துவிட்டது. பின்னாளில், 1863-ல், ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. தாவரவியலில் பொதுவாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர்களில் இவருடையது முன்வரிசையில் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, இந்த இரட்டை வாழ்க்கை எங்கிருந்து வந்தது?

நிலத் தாவரங்களின் மூதாதை ஒரு நன்னீர்ப் பச்சைப் பாசி. இன்றைய பாசிகளில் நெருங்கிய உறவு எது என்று தேடியவர்கள் நெடுங்காலம் கேரா போன்ற, கிளைவிட்டு வளரும், செடி மாதிரியே தெரியும் பாசிகளைச் சுட்டினார்கள். மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டபோது வேறு விடை வந்தது. மிக நெருங்கிய உறவு ஸ்பைரோகைரா இருக்கும் கூட்டம்தான். பள்ளி ஆய்வகத்தில் சுருள் பசுங்கணிகத்தோடு நாம் பார்த்த அதே பச்சை இழை. 2019-ல் இந்தக் கூட்டத்தின் மரபணுத்தொகுதிகளை ஆராய்ந்தவர்கள், வறட்சியைச் சமாளிக்க நிலத் தாவரங்கள் பயன்படுத்தும் சில மரபணுக் குடும்பங்கள் மண் பாக்டீரியாக்களிடமிருந்து இந்தப் பாசிகளின் மூதாதைக்கு வந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

இந்தப் பாசிகளின் வாழ்க்கையில் இரட்டைத் தொகுதி உடல் என்று ஒன்று கிடையாது. இரண்டு செல்கள் சேர்ந்து கருமுட்டை உண்டாகும். இரட்டைத் தொகுதி உள்ள செல் அது ஒன்றுதான். அது உடனே, அல்லது கொஞ்சக் காலம் உறங்கிவிட்டு, குன்றல் பகுப்பு செய்து மறுபடி ஒற்றைத் தொகுதிக்குப் போய்விடும். நாம் இன்று மரம் என்று சொல்கிற உடல் முழுவதும், அந்த ஒரே ஒரு செல் குன்றல் பகுப்பைத் தள்ளிப்போட்டதால் வந்தது. பிரிவதற்கு முன் முதலில் பெருகு என்ற மாற்றம். நிலத் தாவரப் பரிணாமத்தில் இதைவிடப் பெரிய திருப்பம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஏன் தள்ளிப்போட வேண்டும்? இதற்கு விளக்கம் தந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் பவர். 1890-களிலிருந்து அவர் இதை வாதாடிவந்தார். தண்ணீரில் இருக்கும் பாசிக்கு விந்தணு நீந்திப் போக எப்போதும் வழி இருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் கருவுறலாம். கரைக்கு வந்த தாவரத்துக்கு மழையோ பனியோ ஒரு நீர்ப்படலத்தைத் தந்தால்தான் வழி. அப்படி அரிதாகக் கிடைத்த ஒரு கருமுட்டை உடனே பிரிந்தால் கிடைப்பது நான்கு ஸ்போர்கள். முதலில் ஆயிரம் செல்களாகப் பெருகி, அப்புறம் அந்த ஆயிரமும் குன்றல் பகுப்பு செய்தால் நாலாயிரம் ஸ்போர்கள். ஒரே ஒரு வெற்றிகரமான கருவுறுதலை முடிந்த அளவுக்குப் பெருக்கிக்கொள்ளும் வழி இது. ஸ்போர்களுக்கோ தண்ணீர் வேண்டாம், காற்று போதும். வேதிப்பொருட்களுக்கும் சிதைவுக்கும் லேசில் மசியாத ஸ்போரோபோலெனின் என்ற பொருளால் ஆன சுவர் அவற்றைச் சுற்றி இருக்கிறது.

இந்தக் கதை வெறும் ஊகமாக நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பரவசம். கிளாமிடோமோனாஸ் என்ற ஒரு செல் பாசியில், சேரவிருக்கும் இரண்டு வகைச் செல்கள் ஒவ்வொன்றும் ஒரு புரதத்தைக் கொண்டுவருகின்றன. சேர்ந்தவுடன் இரண்டு புரதமும் ஜோடியாகி, ‘இது கருமுட்டை’ என்ற நிரலை இயக்குகின்றன. 2008-ல் இது தெரிய வந்தது. அதே குடும்பத்து மரபணுக்கள் நிலத் தாவரங்களில் இருக்கின்றன. 2013-ல் ஃபிஸ்கோமிட்ரியம் என்ற மாஸில் அவற்றில் ஒரு வகையை நீக்கிப் பார்த்தார்கள். இரட்டைத் தொகுதி உள்ள ஸ்போரோபைட் திசு, குன்றல் பகுப்பே செய்யாமல், நேராகக் கேமீட்டோபைட்டின் இலைத்தண்டு உடலாக வளர ஆரம்பித்துவிட்டது. எந்த உடலாக வளர்வது என்பதைத் தீர்மானிப்பது வெறும் குரோமோசோம் எண்ணிக்கை இல்லை, இந்த மரபணுக்கள்தான் என்று ஆகிறது. பாசி ‘நான் கருமுட்டை’ என்று அறிய வைத்திருந்த சுவிட்சைத் தாவரம் ‘நான் ஸ்போரோபைட்’ என்று அறியப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

கரையேறிய காலத்துக்கு நேரடிச் சாட்சி ஸ்போர்கள்தான். சுமார் 47 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில் அவை கிடைக்கின்றன, பல நான்கு நான்காக ஒட்டிக்கொண்டபடி. அவற்றைத் தந்த உடல்கள் மட்கிப்போய்விட்டன. உடலோடு கிடைக்கும் முதல் தாவரங்களில் ஒன்று குக்சோனியா, சுமார் 43 கோடி ஆண்டு. சில சென்டிமீட்டர் உயரம், இரண்டிரண்டாகப் பிரியும் தண்டு, நுனியில் ஸ்போர்ப் பை. இலை இல்லை. வேர் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியத் தொல்தாவரவியலாளர் இசபெல் குக்சனைச் சிறப்பிக்கும் விதமாக 1937-ல் இந்தப் பெயர் வைக்கப்பட்டது.

அடுத்து ரைனி. ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன கிராமம். சுமார் 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. சிலிக்கா கரைந்த நீர் அங்கிருந்த செடிகள்மேல் பாய்ந்து, அழுகுவதற்குள் கல்லாக்கிவிட்டது. 1912-ல் வில்லியம் மக்கி என்ற மருத்துவர், நிலவியல் ஆர்வத்தில் அந்தப் பக்கம் கற்களைப் பார்த்துவந்தவர், ஒரு கல்லை மெல்லிய சீவலாக அறுத்துப் பார்த்தபோது உள்ளே செடிகள் நின்றுகொண்டிருந்தன. செல் சுவர் தெரிகிறது. இலைத்துளை தெரிகிறது. தண்டுக்குள் பூஞ்சை இழைகள் தெரிகின்றன. 1994-ல் அக்லாவோபைட்டன் என்ற ரைனி செடியின் செல்களுக்குள், வேர்களோடு கூட்டுச் சேர்ந்து வாழும் இன்றைய மைக்கோரைசா பூஞ்சைகள் செய்வது போலவே சிறு புதர் வடிவில் கிளைத்த இழைகளைக் கண்டுபிடித்தார்கள். உண்மையான வேர் முளைப்பதற்கு முன்பே பூஞ்சையோடு கூட்டு வந்துவிட்டது. பாறையிலிருந்து பாஸ்பரஸ் எடுத்துத் தர வேறு யார் இருந்தார்கள்?

ஆனால் ரைனியில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வேறு. அங்கே கேமீட்டோபைட்டுகளும் கல்லாகிக் கிடைத்திருக்கின்றன. அக்லாவோபைட்டனின் ஆண் கேமீட்டோபைட்டுக்கு லயனோபைட்டன் என்று பெயர். ஸ்போரோபைட்டைவிடச் சிறியதுதான், ஆனாலும் நிமிர்ந்து நின்றது. இலைத்துளை இருந்தது, நீர் கடத்தும் திசு இருந்தது, நுனியில் கிண்ணம் போன்ற அமைப்பில் விந்தணுப் பைகள் இருந்தன. அதாவது இரண்டு சந்ததிகளும் இன்று இருப்பதைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவோ நெருக்கமாக இருந்த காலம் ஒன்று உண்டு.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மாஸிலிருந்து பெரணி, பெரணியிலிருந்து ஊசியிலை, அதிலிருந்து பூ என்று வரையும் ஏணிப்படத்தின்மேல் நம்பிக்கை போய்விடும். மாஸ், அதைப் போன்ற சின்னத் தாவரங்களான லிவர்வோர்ட், ஹார்ன்வோர்ட் மூன்றும் ஒரே கிளையின் பிள்ளைகள், குழாய்த் திசு உள்ள மற்றத் தாவரங்கள் இன்னொரு கிளை என்பதுதான் அண்மை மரபணு ஆய்வுகள் வலுவாகக் காட்டுவது. மாஸ் நமக்குத் தெரிந்த மரங்களின் பாட்டி இல்லை; ஒன்றுவிட்ட சகோதரி. ஒரு கிளை கேமீட்டோபைட்டை வளர்த்தது. இன்னொன்று ஸ்போரோபைட்டை வளர்த்தது.

முதல் கிளையைப் பார்க்க ஒரு கைலென்ஸ் போதும். ஈரமான கல்லின்மேல் மெத்தையாகப் படர்ந்திருக்கும் மாஸை நான் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பது உண்டு. அந்தப் பச்சை மெத்தை முழுக்கக் கேமீட்டோபைட். இலை ஒரு செல் தடிமன்தான் என்பதால் ஒளி ஊடுருவித் தெரியும். சில சமயம் மெத்தையிலிருந்து மெல்லிய காம்புகள் எழும்பி, உச்சியில் ஒரு சிறு உறையோடு நிற்கும். அந்தக் காம்பும் உறையும்தான் ஸ்போரோபைட். அது தாயின் உடலில் பதிந்து, தாயிடமிருந்து நீரும் உணவும் எடுத்துக்கொள்கிறது; தனியாக மண்ணில் வாழவே முடியாது. உறையின் வாயைச் சுற்றிப் பல் வரிசை உண்டு. ஈரப்பதத்துக்கு ஏற்ப அது வளைந்து நிமிர்ந்து ஸ்போர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

மாஸின் விந்தணு இரண்டு கசையிழைகளோடு நீந்தும். அது போகும் தூரம் சொற்பம். மழைத்துளி தெறிப்பது ஒரு உதவி. இன்னொரு உதவியை 2006-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆண் மாஸையும் பெண் மாஸையும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, நடுவே ஸ்பிரிங்டெயில் என்ற மண்பூச்சிகளையும் சிற்றுண்ணிகளையும் விட்டபோது கருவுறுதல் நடந்தது. அவை இல்லாமல் இடைவெளியைத் தாண்டி நடக்கவில்லை. பிறகு 2012-ல் பெண் மாஸ் அந்தப் பூச்சிகளை ஈர்க்கும் மணத்தை வெளியிடுகிறது என்றும் தெரிந்தது. பூவும் தேனீயும் சேர்ந்து செய்வதாக நாம் நினைக்கும் வேலையின் ஒரு வடிவம், பூவே இல்லாத கிளையிலும் இருக்கிறது.

மாஸ் உயரமாக வளராததற்குக் காரணமும் இங்கேதான். விந்தணு நீந்திப்போய்ச் சேர வேண்டிய உடல், ஈரத்துக்கு அருகில் தாழ்ந்திருப்பது நல்லது. காற்றில் ஸ்போர் தூவ வேண்டிய உடலோ உயரமாக இருப்பது நல்லது. இரண்டு வேலைக்கும் எதிரெதிர்த் தேவை. தன் பெரிய உடலைக் கேமீட்டோபைட்டாக வைத்துக்கொண்ட தாவரத்துக்கு உயரம் ஒத்துவராது. ஸ்போரோபைட்டை விடுவித்த கிளைக்கு மேலே எந்தத் தடையும் இல்லை.

அந்த விடுதலைக்குத் தேவையான பொருள்கள் ஒவ்வொன்றாக வந்தன. நீர் இழக்காமல் இருக்க கியூட்டிகிள் என்ற மெழுகு பூசிய மேற்படலம். அதில் காற்றுக்கு வழிவிட, திறந்து மூடும் இலைத்துளை. லிக்னின் என்ற உறுதியான பொருள் ஏறிய செல் சுவர். இந்த லிக்னின்தான் நீர் கடத்தும் சைலம் குழாய்களை உள்நோக்கி நசுங்காமல் காக்கிறது. நீர் மேலே தள்ளப்படுவதில்லை, இழுக்கப்படுகிறது என்பதால் குழாய்க்குள் எதிர்மறை அழுத்தம். சுவர் பலவீனமாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும். இலையில் நீர் ஆவியாகும்போது, ஒன்றையொன்று பிடித்திருக்கும் நீர் மூலக்கூறுகளின் தொடர் வேர்வரை இழுபடுகிறது என்று டிக்சனும் ஜோலியும் 1894-ல் விளக்கினார்கள். இன்று உலகின் மிக உயர்ந்த மரமான கலிபோர்னியா செம்மரம் 115 மீட்டரைத் தாண்டி நிற்பதும் இதே முறையில்தான். எந்த இயந்திரமும் இல்லை, அந்தக் குழாய்ச் செல்கள் வேலை செய்வதே செத்த பிறகுதான்.

பெரிய தட்டையான இலைகள் பரவலாக வர இன்னும் பல கோடி ஆண்டுகள் ஆயின. காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிக அதிகமாக இருந்தபோது இலைத்துளைகள் குறைவாக இருந்தன. அப்படியிருக்க அகன்ற இலை வெயிலில் சூடேறி வெந்துபோயிருக்கும், அந்த வாயு குறைந்து துளைகள் பெருகிய பிறகே அகல முடிந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு இது ஏற்கத்தக்கதாகத் தோன்றுகிறது.

சுமார் 38.6 கோடி ஆண்டுகளுக்கு முன் காடு வந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தின் கெய்ரோ என்ற ஊரில் ஒரு பழைய கல் குவாரித் தரையில் அந்தக் காட்டின் வேர்த்தடங்கள் அப்படியே பதிந்திருப்பதை ஆய்வாளர்கள் 2019-ல் அறிவித்தார்கள். பல மீட்டர் தூரம் கிளைத்துப் பரவும் வேர்கள். அவற்றில் ஆர்க்கியோப்டெரிஸ் என்ற மரத்துடையதாகக் கருதப்படுபவையும் உண்டு. இந்த மரத்துக்கு ஒரு தனிக்கதை. அதன் இலைக்கு ஒரு பெயர் வைத்துப் பெரணி என்று கருதியிருந்தார்கள். அதன் கட்டைக்கு காலிசைலான் என்று வேறு பெயர் வைத்து, ஊசியிலை மர வகை என்று கருதியிருந்தார்கள். 1960-ல் சார்லஸ் பெக் இரண்டும் ஒரே மரம் என்று, இலையும் கட்டையும் ஒட்டியிருந்த ஒரு புதைபடிவத்தைக் கொண்டு காட்டினார். விதைத் தாவரத்தின் கட்டை, ஆனால் ஸ்போர் தூவும் மரம். விதைக்கு முன்பே மரக்கட்டை வந்துவிட்டது.

இவ்வளவு உயரம் போன பிறகும் ஒரு தளை விடவில்லை. ஸ்போர் தரையில் விழுந்து, அங்கே கேமீட்டோபைட்டாக முளைத்து, அதன் விந்தணு தண்ணீரில் நீந்தியாக வேண்டும். பெரணிகள் இன்றும் அப்படித்தான். பெரணி இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரிபவை ஸ்போர்ப் பைகளின் கூட்டம். ஒவ்வொரு பையைச் சுற்றியும் ஒரு வளையம். வளையச் செல்களிலிருந்து நீர் ஆவியாக ஆக அது பின்னோக்கி வளைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் உள்ளிருக்கும் நீர் அந்த இழுவையைத் தாங்காமல் குமிழியாக அறுபட, வளையம் படாரென்று திரும்பி ஸ்போர்களை வீசியெறியும். கவண் கல் எறிவது மாதிரி.

அந்த ஸ்போர்களை ஈர மண் போட்டு மூடிய கண்ணாடிக் குடுவையில் தூவி வைத்தால், சில வாரங்களில் மண்ணோடு ஒட்டி இதய வடிவில் சில மில்லிமீட்டர் அகலத்தில் பச்சைத் தகடுகள் வரும். அவைதான் பெரணியின் கேமீட்டோபைட்டுகள். குடுவையில் முதன்முதலாக அவற்றைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரியது. பெரணியைத் தெரிந்த பலருக்கும் அதன் இந்தப் பாதியைத் தெரியாது. இவற்றுக்குள் பேச்சுவார்த்தைகூட உண்டு. செரட்டாப்டெரிஸ் என்ற நீர்ப்பெரணியில் முதலில் வளரும் தகடு ஒரு வேதிப்பொருளை வெளியிட்டு, பின்னால் முளைப்பவற்றை ஆணாக்கிவிடுகிறது. பக்கத்தில் ஏற்கனவே முட்டை தரும் ஒன்று இருக்கும்போது, தாமதமாக வந்தது விந்தணு தந்தால் போதும்.

தளையை அறுத்தது ஒரு வினோதமான வழி. சில தாவரங்கள் இரண்டு அளவு ஸ்போர்களை உண்டாக்கத் தொடங்கின. சின்னது ஆண் கேமீட்டோபைட்டாகும், பெரியது பெண்ணாகும். அப்புறம் பெரிய ஸ்போரைத் தூவுவதையே நிறுத்தி, தாய் உடலிலேயே வைத்துக்கொண்டன. அதைச் சுற்றிச் சில மடல்கள் வளர்ந்து மூடின. பெல்ஜியத்தில் கிடைத்த, சுமார் 38.5 கோடி ஆண்டுப் பழைய ரன்கேரியாவில் அந்த மடல்கள் பாதி வழியில் இருப்பதைப் பார்க்கலாம். உறை போலச் சூழ்ந்திருக்கின்றன, ஆனால் முழுதாக மூடவில்லை. மூடிய பிறகு அதன் பெயர் சூல். கருவுற்றால் விதை.

இதனால் விதை என்பது மூன்று தலைமுறைகள் ஒன்றாக இருக்கும் பொட்டலம். ஒரு பைன் விதையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளித்தோல் பழைய ஸ்போரோபைட், அதாவது தாய் மரம். உள்ளே வெண்மையாக இருக்கும் சதை, ஒற்றைத் தொகுதி குரோமோசோம் உள்ள பெண் கேமீட்டோபைட். அதன் நடுவில் இருக்கும் குட்டிக் கரு அடுத்த ஸ்போரோபைட். மாஸில் மெத்தையாகப் படர்ந்து ஒளிவாங்கி வாழ்ந்த அந்தச் சந்ததி இங்கே வெளிச்சமே பார்க்காமல், தன் பிள்ளைக்கு உணவாக முடிந்துவிடுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் கொஞ்சம் மனசு கனக்கும்.

விந்தணு நீந்துவது இதோடு நின்றுவிட்டதா? 1896-ல் டோக்கியோவில் சாகுகோரோ ஹிராசே இதற்குப் பதில் கண்டார். பல்கலைக்கழகத்தில் படம் வரைபவராகச் சேர்ந்தவர். கொய்ஷிகாவா தாவரத் தோட்டத்து ஜிங்கோ மரத்தின் சூல்களை வாரக்கணக்கில் வெட்டிப் பார்த்துவந்தார். ஜிங்கோவில் மகரந்தம் வசந்தத்தில் சூலை அடைந்து, மாதக்கணக்கில் உள்ளேயே வளர்ந்து, இலையுதிர்காலம் நெருங்கும்போதுதான் விந்தணுவை விடும். அந்த நாளைப் பிடித்தால்தான் உண்டு. அவர் பிடித்தார். சூலுக்குள் சிறு துளி நீரில், சுமார் ஆயிரம் கசையிழைகளோடு விந்தணு நீந்திக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் செய்ச்சிரோ இகெனோ, பனை போலத் தெரியும் சைகஸ் என்ற விதைத் தாவரத்தில் இதையே கண்டார். சைகஸின் உறவான ஜேமியாவின் விந்தணுவுக்கு நாற்பதாயிரம்வரை கசையிழைகள் இருக்கும். அளவில் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். விந்தணு நீந்தும் தண்ணீரை வெளியே எதிர்பார்க்காமல், சூலுக்குள்ளேயே தாவரம் தயாரித்துக் கொடுத்துவிட்டது. இருவருக்கும் 1912-ல் ஜப்பான் அகாடமியின் பேரரசர் பரிசு கிடைத்தது.

ஊசியிலை மரங்களிலும் பூக்கும் தாவரங்களிலும் கசையிழையும் போய்விட்டது. மகரந்தக் குழாய் வளர்ந்துபோய் ஆண் செல்லை முட்டையருகே கொண்டுபோய் விடுகிறது. பூக்கும் தாவரத்தில் ஆண் கேமீட்டோபைட் மொத்தமே மூன்று செல்கள். பெண் கேமீட்டோபைட் பெரும்பாலும் ஏழு செல்கள், எட்டு உட்கருக்கள். அவற்றில் இரண்டு நடுச்செல்லில் சேர்ந்திருக்கும். 1898-ல் செர்கேய் நவாஷின் லில்லிப் பூவின் சூல்களில், வந்த இரண்டு ஆண் செல்களில் ஒன்று முட்டையோடும் இன்னொன்று இந்த நடுச்செல்லோடும் சேர்வதைக் கண்டார். மறு ஆண்டே பாரிஸில் கின்யார் தனியாக அதையே உறுதிசெய்தார். நடுச்செல்லில் மூன்று தொகுதி சேர்ந்து கருவூண் திசுவாக வளர்கிறது. நெல், கோதுமை மணிகளில் பெரும்பகுதி இதுதான். பைன் மரம் கருவுறுமா என்று தெரியும் முன்பே கேமீட்டோபைட்டில் உணவைச் சேர்க்க ஆரம்பித்துவிடும். பூக்கும் தாவரம் கருவுறுதல் நடந்த பிறகே செலவு செய்கிறது. பூவின் நிறத்தையும் மணத்தையும் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம். அதன் வெற்றியில் இந்தச் சிக்கனத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

சர்க்கரைக் கரைசலில் கொஞ்சம் போரிக் அமிலம் கலந்து மகரந்தத்தைத் தூவி நுண்ணோக்கியில் வைத்தால், பல செடிகளின் மகரந்தம் ஒரு மணி நேரத்துக்குள் குழாய் விடும். குழாய்க்குள் செல்நீர் ஓடுவது தெரியும். அப்போது கண்முன் இருப்பது வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு முழு ஆண் தாவரம். மக்காச்சோளத்தில் இந்தத் தாவரம் பட்டிழைக்குள் 30 சென்டிமீட்டர்வரை, ஏறக்குறைய ஒரு நாளில் வளர்ந்துபோய்ச் சேரும்.

அதற்கு வழி யார் காட்டுகிறார்கள் என்பது நூறாண்டுக்கும் மேலான கேள்வி. ஜப்பானின் டெட்சுயா ஹிகாஷியாமா டொரீனியா என்ற செடியைத் தேர்ந்தெடுத்தார். அதன் பெண் கேமீட்டோபைட் மட்டும் சூலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் என்பதால் ஒவ்வொரு செல்லையும் நேரடியாகத் தொடலாம். லேசரால் செல்களை ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்ததில், முட்டைக்கு இருபுறமும் இருக்கும் இரண்டு துணைச் செல்கள்தான் குழாயை அழைக்கின்றன என்று 2001-ல் தெரிந்தது. இரண்டையும் அழித்தால் குழாய் திரும்பிப் பார்க்கவில்லை. 2009-ல் அவை விடும் சிறு புரதங்களையே பிரித்தெடுத்து, லூர் என்று பெயர் வைத்தார்கள்.

குழாய் போய்ச் சேர்ந்து, வெடித்து, ஆண் செல்கள் வெளியே வந்த பிறகு முட்டையோடு ஒட்டிச் சேர ஒரு புரதம் வேண்டும். லில்லியிலும் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியிலும் அதைக் கண்டுபிடித்தவர்கள் ஒரே மரபணுவுக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டார்கள்: ஜிசிஎஸ்1, ஹாப்2. தேடத் தேட அது எங்கெங்கோ இருந்தது. கசையிழையோடு நீந்திவந்து சேரும் கிளாமிடோமோனாஸ் பாசியிலும், மலேரியா ஒட்டுண்ணியின் ஆண் செல்லிலும் அதே புரதம் அதே வேலையைச் செய்கிறது. 2017-ல் அதன் வடிவத்தைப் படிகமாக்கிப் பார்த்தபோது, டெங்கு வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதத்தின் வடிவத்தோடு அது பொருந்தியது. தாவரத்தின் ஆண் செல் தன் கசையிழையை இழந்து, நீச்சலை மறந்து, மூன்று செல் உடலுக்குள் சுருங்கிய பிறகும், முட்டையைச் சேரும் அந்தக் கடைசி வேலைக்குப் பாசிக் காலத்துக்கும் முந்திய அதே கருவியைத்தான் வைத்திருக்கிறது. அது வைரஸிலிருந்து செல்லுக்கு வந்ததா, செல்லிலிருந்து வைரஸுக்குப் போனதா என்பது இன்னும் முடிவாகாத கேள்வி.